ஹோப்பி மக்களின் கட்சினா மர உருவங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அகன்ற தலை, அதன் மேல் இறகுகள், இடுப்பில் வெள்ளைத் துணி, கையில் கிலுகிலுப்பை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் ஹோப்பி மக்கள் செதுக்கும் இந்தச் சிறு மர உருவங்களைப் பலர் படத்திலாவது பார்த்திருப்பார்கள். படத்துக்குக் கீழே பெரும்பாலும் "மழைத் தெய்வத்தின் பொம்மை" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியில் மழை மட்டுமே சரி. மற்றதை நிதானமாக விளக்குவதற்காகவே இந்தக் கேள்வி பதில்.

ஹோப்பி மக்கள் யார்?

அரிசோனாவின் வடகிழக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில், மேசா எனப்படும் மூன்று தட்டையான மேட்டுநிலங்களின் உச்சியிலும் அடிவாரத்திலும் வாழும் பூர்வகுடிகள். அவர்களுடைய ஊர்களில் ஒன்றான ஒரைபியில் 12ஆம் நூற்றாண்டிலிருந்தாவது மக்கள் இடைவிடாமல் குடியிருக்கிறார்கள். வட அமெரிக்காவில் இவ்வளவு காலம் ஆளொழியாமல் இருந்துவரும் ஊர்கள் மிகச் சில. 1882ல் அமெரிக்க அரசு அவர்களுக்கென்று ஒரு நிலப்பகுதியை வரையறுத்தது. இன்று அதைச் சுற்றிலும் நவஹோ மக்களின் நிலம் இருக்கிறது.

மேசாக்களின் பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது. மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர்தான். இந்த ஈரத்தை நம்பித்தான் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைவிக்கிறார்கள். மணலுக்கு அடியில் ஈரம் தட்டும் ஆழம் வரை குச்சியால் துளையிட்டு, ஒரே குழியில் பத்துப் பன்னிரண்டு விதைகளைப் போட்டு மூடுகிறார்கள். வேர்கள் ஒன்றன் நீரை ஒன்று பறிக்காதபடி குழிக்குக் குழி பல அடி இடைவெளி விடுகிறார்கள். ஜூன் மாதக் காற்று மணலை வாரி இறைத்தால் முளையெல்லாம் புதைந்துபோகும். ஜூலையில் இடியும் மழையும் வராவிட்டால் அந்த ஆண்டு அவ்வளவுதான். கட்சினா உருவங்களைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் இந்த வயலைப் பார்த்துவிட்டுப் பேசுவது நல்லது.

கட்சினா என்பது தெய்வமா?

தெய்வம் என்பதை விடத் தூதர் என்பது பொருத்தம். மேகம், விலங்கு, பறவை, செடி, விண்மீன், மறைந்த முன்னோர் என உலகில் உயிராற்றல் உள்ள எல்லாவற்றுக்கும் ஓர் ஆவி வடிவம் உண்டு என்பது ஹோப்பி நம்பிக்கை. அந்த வடிவங்களே கட்சினாக்கள். மனிதர்களின் வேண்டுதலை அவர்கள் எடுத்துச் செல்கிறார்கள். மழையும் விளைச்சலும் நலமுமாகத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். நல்லபடியாக வாழ்ந்து மறைந்தவர்கள் மேகமாகத் திரும்பி வந்து தம் மக்களின் வயலில் பொழிகிறார்கள் என்ற நம்பிக்கையும் இதனோடு பிணைந்தது.

கட்சினாக்களின் வீடு, ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்கு வடக்கே எழும் சான் பிரான்சிஸ்கோ சிகரங்கள். ஹோப்பியர் அந்த மலையை நுவாதுக்யாவோவி என்கிறார்கள். அதன் உச்சி 3,851 மீட்டர். அரிசோனாவிலேயே உயரமான இடம். ஒரைபியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் இருந்தாலும் வானம் தெளிந்த நாளில் மேசாவின் விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியும். கோடையில் மேகம் திரளுவதும் அந்தச் சிகரத்தின் தலையில்தான். டிசம்பர் கடைசியில் சூரியன் திரும்பும் சடங்கான சோயல் காலத்தில் முதல் கட்சினா ஊருக்குள் வருகிறார். பிப்ரவரியில் கூட்டமாக வருகிறார்கள். ஜூலையில் நிமான் எனப்படும் வழியனுப்பும் சடங்கு முடிந்ததும் மலைக்குத் திரும்புகிறார்கள். ஆக, ஆண்டில் பாதி நாட்கள் அவர்கள் ஊரில் விருந்தினர்கள்.

அந்த மாதங்களில் ஊரின் நடுவில் உள்ள முற்றத்தில் கட்சினாக்கள் பாடி ஆடுகிறார்கள். தீட்சை பெற்ற ஆண்கள் அந்தக் கோலத்தை ஏற்கும்போது அவர்கள் தனி மனிதர்களாக இருப்பதில்லை, கட்சினாவாகவே ஆகிவிடுகிறார்கள் என்று கருதப்படுகிறது. ஹோப்பிக் குழந்தைகள் இதைத் தீட்சைக்குப் பிறகே அறிகிறார்கள். எனவே அவர்கள் காதுபட இதைப் பேசாமல் இருப்பது விருந்தினரின் கடமை.

அப்படியானால் மர உருவங்கள் எதற்கு? அவற்றை வழிபடுகிறார்களா?

இல்லை. விளக்கேற்றுவதோ படையல் வைப்பதோ கிடையாது. மர உருவத்துக்கு ஹோப்பிப் பெயர் திஹு. அது கட்சினா ஒரு சிறுமிக்குக் கொடுக்கும் பரிசு. சாதாரண விளையாட்டுப் பொம்மை என்றும் சொல்லிவிட முடியாது. பெரும்பாலான வீடுகளில் அது சுவரிலோ உத்தரத்திலோ தொங்கும். சிறுமி தினமும் அதைப் பார்த்து, எந்தக் கட்சினா எப்படி இருப்பார், என்ன அணிவார், என்ன கொண்டு வருவார் என்று பழகிக்கொள்கிறாள். சில வீடுகளில் பெண்குழந்தைகள் அதைத் தோளில் போட்டு ஆட்டிக் கொஞ்சுவதும் உண்டு. அதில் தவறு எதுவும் இல்லை, அது அவளுடையது.

திஹுவின் பொருளை அதன் வண்ணத்தில் தேடுவதற்கு முன் அது கைமாறும் முறையில் தேட வேண்டும் என்பது என் கருத்து. கொடுப்பவர் கட்சினா. பெறுபவள் சிறுமி. கொடுக்கப்படுவது வளர வேண்டும், பெருக வேண்டும், நலமாக வாழ வேண்டும் என்ற வேண்டுதல். கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் திஹுவில் நமக்குக் காணக் கிடைக்காதது இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

எப்போது கொடுக்கிறார்கள்?

முக்கியமாக இரண்டு வேளைகளில்.

ஒன்று, பிப்ரவரியில் வரும் பவாமுயா. அவரை முளைச் சடங்கு என்று சொன்னால் எளிதில் புரியும். கிவா என்ற நிலத்தடிச் சடங்கறைகளில், வெளியே பனி உறைந்து கிடக்கும் நாட்களில், இரவும் பகலும் நெருப்பை அணையவிடாமல் காத்து, மண் நிரப்பிய தொட்டிகளில் அவரை விதைக்கிறார்கள். ஊரில் ஒரு புல்கூடப் பச்சையாக இல்லாத பருவத்தில் உள்ளே முளைகள் ஓங்கி வளர்கின்றன. சடங்கு நாளின் விடியலில் கட்சினாக்கள் அந்த முளைகளை வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சிறுமிகளுக்கு முளையோடு திஹு. சிறுவர்களுக்கு வில்லும் அம்பும். முளைகள் அன்றே குழம்பில் சேர்கின்றன. முளை நன்றாக வந்திருந்தால் அந்த ஆண்டு வயலும் நன்றாக வரும் என்பது நம்பிக்கை.

மற்றொன்று ஜூலையில், நிமான் நாளில். விடியற்காலையில் கட்சினாக்கள் அந்த ஆண்டின் முதல் மக்காச்சோளத் தட்டைகளை வேரோடு பிடுங்கி, கதிரும் தோகையுமாகக் கை நிறைய அள்ளிக்கொண்டு முற்றத்துக்குள் வருகிறார்கள். தட்டையோடு தட்டையாகத் திஹுவும் கட்டியிருக்கும். பெயர் சொல்லாமல், பேசாமல், உரிய சிறுமியின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அன்று நாள் முழுவதும் ஆட்டம். மாலையில் மக்காச்சோள மாவு தூவி, மழையோடு திரும்பி வாருங்கள் என்று வேண்டி வழியனுப்புகிறார்கள்.

குழந்தைக்குக் கிடைக்கும் முதல் உருவம் எது?

உள்ளங்கை நீளமே உள்ள ஒரு தட்டையான மரத்துண்டு. கையும் காலும் செதுக்கியிருக்காது. மேல்பகுதியில் வெள்ளை முகம், கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு சிவப்பு வட்டங்கள், கருப்பு முடி, சிறிய வாய். உடம்பு என்பது வண்ணக் கோடுகள் போட்ட ஒரு பலகை. கழுத்தில் ஒரு நூலும் இறகும் இருக்கலாம். தொட்டிலில் கட்டித் தொங்கவிட ஏற்றது, குழந்தை வாயில் வைத்துக் கடித்தாலும் உடைவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

அந்த முகம் ஹஹாயி வூதியின் முகம். கட்சினாக்கள் எல்லோருக்கும் தாய் அவர். பெரும்பாலான கட்சினாக்கள் வாய் திறந்து பேசுவதில்லை. இவரோ ஓயாமல் பேசுவார். பிறந்த குழந்தையின் கண் முதலில் பழகுவது ஒரு தாயின் முகமாக இருக்கட்டும் என்ற ஏற்பாடு இது. வயது ஏற ஏற உருவமும் மாறும். கொஞ்சம் வளர்ந்த பிறகு முகம் மட்டும் புடைப்பாக இருக்கும் தட்டை உருவம். பிறகு உருண்டையான உடம்பும் ஒட்டிய கைகளும் உள்ள உருவம். கடைசியில் முழு உருவம். அருங்காட்சியகங்களில் இந்தத் தட்டை உருவங்களைக் கடந்துபோய்ப் பெரிய உருவங்களின் முன் கூட்டம் நிற்பதைக் காண்கிறோம். எனக்கோ இந்தச் சிறிய பலகைதான் எல்லாவற்றிலும் நெருக்கமானது.

எந்த மரம்? எப்படிச் செதுக்குகிறார்கள்?

காட்டன்வுட் மரத்தின் வேர். அடிமரமோ கிளையோ இல்லை, வேர். வறண்ட நிலத்தில் நீர் ஓடும் தடங்களை ஒட்டி மட்டுமே வளரும் மரம் அது. மண்ணுக்குள் நீரைத் தேடி நெடுந்தூரம் போகும் வேர் அதனுடையது. மழைக்கான வேண்டுதலை உருவாக்க நீரைத் தேடிக் கண்டடையும் வேரை எடுக்கிறார்கள். கைவினைஞரின் பார்வையிலும் அது நல்ல மரம். எடை குறைவு, மென்மை, கத்திக்கு இணங்கும், எளிதில் பிளக்காது. வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கரையொதுங்கி வெயிலில் காய்ந்த வேரையே தேடி எடுப்பது வழக்கம். இப்போது அருகில் அது எளிதில் கிடைப்பதில்லை. பலர் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

வேரை வேண்டிய நீளத்துக்கு அறுத்து, கத்தியாலும் அரத்தாலும் வடிவம் கொடுத்து, மணற்கல்லால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். மேலே வெண்களிமண் பூச்சு. அதன் மேல் வண்ணம். முன்பு மண்ணிலிருந்தும் தாதுக்களிலிருந்தும் செடிகளிலிருந்தும் எடுத்த நிறங்கள். 20ஆம் நூற்றாண்டில் கடை வண்ணங்களும் அக்ரிலிக்கும் வந்தன. மூக்கு, காது, கொம்பு போன்றவற்றைத் தனியாகச் செய்து பொருத்துவதும் உண்டு. இறுதியில் இறகு. செதுக்குபவர்கள் பெரும்பாலும் தீட்சை பெற்ற ஆண்கள்: அப்பாக்கள், மாமன்கள், தாத்தாக்கள்.

நிறங்களுக்கும் சின்னங்களுக்கும் என்ன பொருள்?

நிறம் பெரும்பாலும் திசையைச் சொல்லும். ஹோப்பியர் திசைகளைக் கோடையிலும் குளிர்காலத்திலும் சூரியன் எட்டும் எல்லைப் புள்ளிகளை வைத்து வகுக்கிறார்கள். மஞ்சள் வடமேற்கு, அதாவது கோடையின் உச்சத்தில் சூரியன் மறையும் இடம். நீலமும் பச்சையும் தென்மேற்கு. சிவப்பு தென்கிழக்கு. வெள்ளை வடகிழக்கு. கருப்பு மேலே உள்ள வானம். கீழே உள்ள உலகத்துக்குச் சாம்பல் அல்லது எல்லா நிறங்களும் கலந்தது. அவர்கள் வயலில் விளையும் மக்காச்சோளமும் மஞ்சள், நீலம், சிவப்பு, வெள்ளை என்று இதே நிறங்களில் இருக்கிறது. ஒரே கட்சினா வெவ்வேறு நிறங்களில் வரும்போது, அவர் வெவ்வேறு திசைகளிலிருந்து வருகிறார் என்று கொள்ளலாம்.

சின்னங்களில் அடிக்கடி காண்பது மேகம்: ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய அரைவட்டங்கள், அவற்றுக்குக் கீழே நேராக இறங்கும் கோடுகள். கோடுகள் மழை. வளைந்து ஓடும் கோடு மின்னல். விலங்கின் கால்தடம், மக்காச்சோளக் கதிர், பூசணிப்பூ, தவளை ஆகியவையும் வரும். தலையில் சூடிய வெண்மையான மெல்லிறகு மேகத்தையும், அவிழ்ந்து தொங்கும் நீண்ட கூந்தல் தரையிறங்கும் மழையையும் நினைவூட்டும். இடுப்பின் பின்புறம் தொங்குவது நரித்தோல். காலில் கட்டியிருப்பது ஆமை ஓட்டுக் கிலுக்கு.

ஆனால் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எந்தத் திஹுவையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம் என்று நம்பக் கூடாது. ஊருக்கு ஊர், குலத்துக்குக் குலம் பழக்கம் வேறுபடுகிறது. ஒரு மேசாவில் ஒரு பெயரில் அறியப்படுபவர் அடுத்த மேசாவில் வேறு பெயரில் அறியப்படலாம்.

எத்தனை வகைக் கட்சினாக்கள்? முக்கியமானவர்கள் யார்?

சில நூறு. ஃபிளாக்ஸ்டாஃபில் வடக்கு அரிசோனா அருங்காட்சியகத்தை 1928ல் நிறுவிய ஹரால்டு கோல்டன் 250க்கும் மேற்பட்ட வகைகளை எண்ணிட்டு வரிசைப்படுத்தினார். சேகரிப்பாளர்கள் இன்றும் அந்த எண்களைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இது முடிந்துபோன கணக்கில்லை. சில கட்சினாக்கள் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். புதியவர்கள் வந்து சேர்கிறார்கள். அண்டை மக்களிடமிருந்து வந்தவர்களும் உண்டு.

நான் முதலில் காட்ட விரும்புவது காக்கைத் தாயை. ஹோப்பிப் பெயர் அங்வுஸ்நசோம்தக. நீலப்பச்சை முகத்தில் கவிழ்ந்த கருப்பு முக்கோணம், தலையின் இரு பக்கமும் விரிந்து நிற்கும் காக்கைச் சிறகுகள். சிறுவர் சிறுமியரைக் கட்சினா மரபுக்குள் சேர்க்கும் தீட்சையின்போது இவர் கையில் யூக்கா இலைகளாலான சாட்டைக் கட்டு இருக்கும். அடிப்பவர்கள் ஹூ கட்சினாக்கள். இலை தேயத் தேயப் புதியதை எடுத்துக் கொடுப்பவர் காக்கைத் தாய். அதே பவாமுயா காலத்தில் ஒரு விடியற்காலையில் இவரே தட்டு நிறைய இளம் முளைகளை ஏந்தி ஊருக்குள் வருகிறார். எனவே திஹுவின் கையில் இருப்பது சாட்டையா, முளைத்தட்டா என்று பார்க்க வேண்டும். செதுக்கியவர் எந்த வேளையை நினைத்தார் என்பது அதில் தெரியும். கண்டிப்பும் ஊட்டமும் ஒரே தாயின் இரண்டு கைகள் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் உருவத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்து எயோதோதோவும் அஹோலியும். மூன்றாம் மேசாவில் பவாமுயாவின்போது இருவரும் சேர்ந்து வருவார்கள். எயோதோதோவுக்கு அலங்காரம் எதுவும் இல்லை; வெறும் வெள்ளைத் தலை, சிறிய கண்கள். ஆனால் கட்சினாக்களின் தலைவர் அவர்தான். தரையில் மக்காச்சோள மாவால் மேகச் சின்னம் வரைந்தபடியே அவர் முன்னே போக, அஹோலி பின்னால் வருகிறார். எளிமையான உருவம் என்று திஹுக் கடைகளில் இவரை ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. அது அறியாமை.

நிமான் நாளில் பல ஊர்களில் வருபவர் ஹெமிஸ் கட்சினா. படிப்படியாக உயரும் பெரிய பலகை மகுடம், அதில் மேகமும் கதிரும். உடன் வரும் கட்சினாப் பெண்கள் கவிழ்த்த சுரைக்குடுக்கையின் மேல் பல்வெட்டிய குச்சியை வைத்து உரசித் தாளம் எழுப்புவார்கள். நீண்ட கூந்தல் உள்ள அங்காக்சினா மென்மையான மழையைக் கொண்டுவருபவர். ஹொனான் என்ற வளைக்கரடிக் கட்சினா நோய் தீர்ப்பவர். வேர்களையும் மூலிகைகளையும் அறிந்தவர்.

சில உருவங்கள் பயங்கரமாக இருக்கின்றனவே?

நீண்ட பல் வரிசை, பிதுங்கிய கண், கையில் அரிவாளும் ரம்பமும் உள்ளவர்கள் சோயோகோ கூட்டத்தார். கருப்பாக, நீண்ட தாடையுடன் இருப்பவர் நதாஸ்கா. பிப்ரவரியில் இவர்கள் சிறு பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு வந்து மிரட்டுவார்கள். முதல்முறை வரும்போது, ஆண்பிள்ளை வேட்டையாடி இறைச்சி சேர்த்து வைக்க வேண்டும், பெண்பிள்ளை மாவு அரைத்து வைக்க வேண்டும் என்று கெடு வைத்துப் போவார்கள். சில நாள் கழித்துத் திரும்பி வந்து, இது போதாது, பிள்ளையையே கொடு என்பார்கள். அவன் செய்த குறும்புகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிக் காட்டுவார்கள். அப்போது குடும்பமே அவன் முன்னால் வந்து நிற்கும். இவன் நல்ல பிள்ளை, அம்மாவுக்கு விறகு சுமப்பான், அடுத்த ஆண்டு வயலில் உதவுவான், இவனைத் தர முடியாது என்று வாதாடும். கடைசியில் இறைச்சியையும், நீலச் சோளமாவில் காகிதம் போல மெல்லியதாகச் சுட்ட பிக்கி அப்பத்தையும் வாங்கிக்கொண்டு அவர்கள் போவார்கள்.

பயத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். அந்தப் பிள்ளை அன்று கேட்பது வேறு. தன் குறைகள் ஊருக்குத் தெரியும் என்பதும், அப்படியிருந்தும் வீட்டார் தன்னை விட்டுக்கொடுக்கவில்லை என்பதும் ஒரே நாளில் அவனுக்குப் புரிகின்றன.

கோமாளி போன்ற உருவங்கள்?

களிமண் நிறத்தில் உருண்டைத் தலையும் புடைப்புகளும் உள்ளவர்கள் கொயெம்சி. கருப்பு வெள்ளைப் பட்டைகளும் இரண்டு கொம்புகளும் உள்ளவர்கள் வேறு வகைக் கோமாளிகள். அவர்கள் கட்சினாக்களே இல்லை. கோமாளிகள் முற்றத்தில் அளவுக்கு மீறித் தின்பார்கள், சத்தம் போடுவார்கள், யாரையும் மதிக்க மாட்டார்கள். மக்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு எச்சரிக்க வரும் கட்சினாக்கள் அவர்களை அடித்து, தண்ணீரைக் கொட்டித் திருத்துகிறார்கள். ஹோப்பி என்ற சொல்லுக்கே உரிய ஒழுங்கான, பணிவான வாழ்க்கை எது என்பதை அதன் நேர்மாறைக் காட்டிக் கற்பிக்கும் முறை இது.

புல்லாங்குழல் ஊதும் கூனன் கோகோபெல்லியும் கட்சினாவா?

சாவிக்கொத்திலும் சட்டையிலும் அச்சிடப்படும் அந்த உருவம் பழைய பாறைக் கீறல்களில் வரும் குழலூதியிலிருந்து எடுத்தது. ஹோப்பியரின் கூக்கொபொலோ கட்சினாவுக்குக் கூன் உண்டு, குழல் அவருக்கு உரியதில்லை. இரண்டையும் ஒன்றாக்கியது வணிகம்.

இந்த மரபு எவ்வளவு பழையது?

14ஆம் நூற்றாண்டளவில் இப்பகுதியின் பாறை ஓவியங்களிலும் மட்பாண்டங்களிலும் கிவாச் சுவர்களிலும் கட்சினா முகங்கள் தெளிவாகக் காணப்படுகின்றன. அதற்குச் சற்று முன்பு, 1276 முதல் 1299 வரை, பெரும் வறட்சி ஒன்று இந்த வட்டாரத்தையே புரட்டிப்போட்டது. ஊர்கள் காலியாகி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பல குலங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ, மழையை முன்னிறுத்திய பொதுவான சடங்குகள் உதவின என்று தொல்லியலாளர் பலர் கருதுகிறார்கள். ஹோப்பிக் குலங்களோ தங்கள் இடப்பெயர்வுகளின்போதே கட்சினாக்கள் உடன் இருந்தார்கள் என்று சொல்கின்றன.

1629ல் ஸ்பானியப் பாதிரியார்கள் வந்து தேவாலயம் எழுப்பினார்கள். கட்சினாச் சடங்குகளை ஒடுக்கினார்கள். 1680ல், ஹோப்பியரைப் போல ஊர் அமைத்து வாழ்ந்த பூவேப்லோ மக்களில் பெரும்பாலோர் சேர்ந்து கிளர்ந்தபோது, ஹோப்பியரும் பாதிரியார்களைக் கொன்று தேவாலயங்களை இடித்தார்கள். அதன் பிறகு ஸ்பானியரால் அங்கே நிலையாகக் காலூன்ற முடியவில்லை. இந்த மரபு இவ்வளவு முழுமையாக இன்றும் நிற்பதற்கு அந்த எதிர்ப்பு ஒரு பெரிய காரணம்.

புனிதமானது என்றால் விற்பது எப்படி?

ஹோப்பியருக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. 1880களில் ரயில் பாதை அரிசோனாவைக் கடந்த பிறகு வணிகர்களும் ஆய்வாளர்களும் வந்து திஹுக்களை வாங்கத் தொடங்கினார்கள். பரிசாகக் கொடுத்ததை விற்பது முறையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. ஒரைபியின் தலைவராக இருந்த தவாக்வாப்தேவா கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. விற்பனைக்குச் செதுக்கும்போது ஒரு கட்சினாவின் முகம், மற்றொருவரின் காது, இன்னொருவரின் வண்ணம் என்று வேண்டுமென்றே கலந்து, எந்த உண்மையான கட்சினாவையும் குறிக்காத உருவங்களைச் செய்தார். வாங்கியவருக்குக் கிடைத்தது அழகான செதுக்கல். கட்சினா ஹோப்பியரிடமே இருந்தார்.

இன்று செதுக்குவது பல குடும்பங்களுக்கு வாழ்வாதாரம். கழுகுகளையும் வலசைப் பறவைகளையும் காக்கும் அமெரிக்கச் சட்டங்களால் அந்த இறகுகள் உள்ள உருவங்களை விற்க முடியாமல் போனது. உடனே செதுக்குபவர்கள் இறகையே மரத்தில் செதுக்கினார்கள், ஒவ்வொரு இழையும் தெரியும்படி. ஆடும் நிலையில், தசையும் மடிப்பும் தெரிய, ஒரே வேரில் செதுக்கும் நுணுக்கமான பாணி அதிலிருந்து வளர்ந்தது. 1970களிலிருந்து மான்ஃப்ரட் சுசுங்கேவா போன்றவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். வயிற்றில் ஒட்டிய கைகள், மண் வண்ணங்கள், தொங்கவிட நூல் என்று பழைய முறைக்கே திரும்பினார்கள். இரண்டிலும் திறமை உண்டு. என் மனம் இரண்டாவதன் பக்கம். அது அலமாரிக்காகச் செய்ததில்லை, சிறுமிக்காகச் செய்தது என்பது பார்த்ததும் தெரிகிறது.

வெளியுலகின் மோகமும் பழையது. சர்ரியலிஸக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1945ல் ஹோப்பி ஊர்களுக்கே போனார். பாரிஸில் அவருடைய அறையில் இந்த உருவங்கள் இருந்தன. அமெரிக்க செனட்டர் பாரி கோல்டுவாட்டர் 1964ல் தம் சேகரிப்பில் இருந்த 437 உருவங்களை ஃபீனிக்ஸ் நகரின் ஹேர்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

பாரிஸில் ஏலம் விட்டதை எதிர்த்துப் பெரிய வழக்கு நடந்ததே?

அது திஹுக்களைப் பற்றியதில்லை. வெளியார் முகமூடி என்று சொல்லும், சடங்கில் அணியும் முகங்களைப் பற்றியது. இந்த வேறுபாடு மிக முக்கியம். அந்த முகங்களை ஹோப்பியர் பொருளாகக் கருதுவதில்லை, நண்பர்கள் என்கிறார்கள். அவற்றுக்கு உயிர் உண்டு, உணவு ஊட்ட வேண்டும், தனி மனிதர் யாரும் விற்க உரிமை இல்லை. 2013 ஏப்ரல் 12 அன்று சுமார் 70 முகங்கள் பாரிஸில் ஏலத்துக்கு வந்தன. நிறுத்தக் கோரிய மனுவை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, ஏலம் நடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நடந்த மற்றொரு ஏலத்தில் அமெரிக்காவின் அன்னன்பெர்க் அறக்கட்டளை 24 பொருட்களைச் சுமார் 5.3 லட்சம் டாலருக்கு வாங்கி, 21ஐ ஹோப்பியருக்கும் மூன்றை அப்பாச்சி என்ற மற்றொரு பழங்குடியினருக்கும் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தது. இத்தகைய பொருட்கள் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 டிசம்பரில்தான் வந்தது.

முகங்களின் படங்களை வெளியிட வேண்டாம் என்பதும் அவர்களுடைய வேண்டுகோள். ஒரு பத்திரிகைப் படத்தை விட அந்த வேண்டுகோளுக்கு மதிப்பு அதிகம்.

போலியை எப்படி அறிவது?

மலிவு விலையில் கிடைக்கும் பலவற்றில் உடல் முழுவதும் ரோமத்தாலும் தோலாலும் சாயமிட்ட இறகாலும் போர்த்தியிருக்கும். உள்ளே செதுக்கல் என்று எதுவும் இருக்காது. வெள்ளைக் காட்டெருமை ஆட்டக்காரர், கழுகு ஆட்டக்காரர் என்ற பெயரில் வருபவை கட்சினாக்கள் அல்ல. ஹோப்பித் திஹு வேரில் செதுக்கியது. அடியில் செதுக்கியவரின் கையொப்பமும் கட்சினாவின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். ஆனால் பழைய உருவங்களில் கையொப்பம் இருக்காது. அண்டைப் பூர்வகுடிகளான சூனி மக்களும் இதேபோன்ற உருவங்களைச் செய்கிறார்கள். அவை போலி அல்ல, வேறு மரபு. மெலிந்து உயர்ந்திருக்கும், கைகள் அசையும், உண்மையான துணி உடுத்தியிருக்கும். பூர்வகுடிகள் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தனி நபருக்கு முதல் குற்றத்துக்கே 2,50,000 டாலர் வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

கட்சினாக்களின் மலைக்கு என்ன பிரச்சினை?

அந்தச் சிகரத்தின் சரிவில் பனிச்சறுக்கு மையம் ஒன்று இருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து செயற்கைப் பனி தயாரிக்க அது அனுமதி பெற்றது. ஹோப்பியரும் நவஹோவும் வேறு பழங்குடிகளும் வழக்குத் தொடுத்தார்கள். 2008ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2012 டிசம்பரில் பனி பொழிவிக்கத் தொடங்கினார்கள். மேகங்களின் வீட்டில், மழையைத் தருபவர்களின் மேல், நகரத்தின் கழிவுநீரிலிருந்து செய்த பனி. சட்டத்தின் மொழியில் இது நில நிர்வாகம். ஒரு சிறுமி கையில் திஹுவோடு பார்க்கும் மலை இதுதான் என்பதை நீதிமன்ற ஆவணங்களால் எடைபோட முடியவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

எல்லாப் பொருளையும் வெளியில் சொல்லிவிட்டார்களா?

இல்லை, சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ஹோப்பியரிடம் அறிவு என்பது தீட்சையாலும் பொறுப்பாலும் வருவது. எல்லா ஹோப்பியருக்கும் எல்லாம் தெரிவதில்லை. 1890களில் ஒரைபியில் இருந்த ஹென்ரிக் வோத் என்ற மதபோதகர், வேண்டாம் என்றபோதும் கிவாக்களுக்குள் நுழைந்து படம் எடுத்தார், குறிப்பெடுத்தார். அந்தக் காயம் இன்னும் பேசப்படுகிறது. 1992ல் ஓர் அமெரிக்கக் காமிக்ஸ் கட்சினாக்களை வன்முறையாளர்களாகக் காட்டியது. அதன் பிறகு பல ஊர்கள் கட்சினா ஆட்டங்களை வெளியாருக்கு மூடிவிட்டன. புத்தகங்களில் உள்ள விளக்கங்களையும், இங்கே நான் எழுதியிருப்பதையும், வெளிமுற்றம் வரை வந்த செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். கிவாவுக்குள் இருப்பது அவர்களுடையது.

நேரில் பார்க்கவும் வாங்கவும் முடியுமா?

ஃபீனிக்ஸில் ஹேர்டு அருங்காட்சியகம், ஃபிளாக்ஸ்டாஃபில் வடக்கு அரிசோனா அருங்காட்சியகம் இரண்டிலும் நல்ல சேகரிப்புகள் உள்ளன. இரண்டாம் மேசாவில் ஹோப்பியரே நடத்தும் பண்பாட்டு மையமும் தங்கும் விடுதியும் இருக்கின்றன. ஊர்களுக்குள் படம் எடுக்கவோ, ஒலிப்பதிவு செய்யவோ, வரையவோ கூடாது. கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. ஆட்டம் திறந்திருக்கும் ஊரில் அனுமதி கிடைத்தால் அடக்கமான உடையுடன் ஓரமாக நின்று, கேள்வி கேட்காமல் பார்க்க வேண்டும். கைவினைக் கடைகளிலும், செதுக்குபவர்களின் வீடுகளிலும் திஹுக்கள் கிடைக்கும். விலை சில பத்து டாலரிலிருந்து ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். முடிந்தால் செதுக்கியவரிடமே வாங்குங்கள். இவர் எந்தக் கட்சினா, எந்த மாதம் வருபவர், என்ன கொண்டுவருபவர் என்பதை, அவர் சொல்ல விரும்பும் அளவுக்கு, அவர் வாயாலேயே கேட்கலாம்.